பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கிக்கு எந்த வார் நல்லது? காவல் வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பட்டாளத்தில் 17 வருடம், அதன் பிறகு 11 வருடம் வங்கி வாசலிலும் பணவண்டியிலும் துப்பாக்கிக் காவல். ராயபுரம் முதல் எண்ணூர் வரை என்னோடு வேலை பார்த்த தம்பிகள் இன்றும் போன் போட்டுக் கேட்கும் விஷயங்களில் பாதி இந்தத் தோள்வாரைப் பற்றித்தான். நாம் பெல்ட் என்போம், பட்டாளத்தில் ஸ்லிங் என்பார்கள். இங்கே வார் என்றே எழுதுகிறேன். டபுள் பேரல் (இரட்டைக் குழல்), சிங்கிள் பேரல் (ஒற்றைக் குழல்), பம்ப் ஆக்‌ஷன் (முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது) மூன்றுக்கும் சேர்த்து, இதுவரை வாயால் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வார் இல்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டால் என்ன?

ஒரு டபுள் பேரல் 3 முதல் 3.5 கிலோ எடை. அரை மணி நேரம் கையில் வைத்திருக்கலாம். எட்டு மணி நேரம் முடியாது. கை வலித்ததும் என்ன செய்வோம்? சுவரில் சாய்ப்போம், நாற்காலியில் வைப்போம், டீ குடிக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே நிறுத்துவோம். ஆபத்தெல்லாம் அப்படித்தான் வருகிறது. கேட்டைத் திறக்க, பதிவேட்டில் கையெழுத்துப் போட, போன் எடுக்க ஒரு கை எப்போதும் தேவைப்படுகிறது. அந்த நேரத்திலும் துப்பாக்கி உங்கள் உடம்பைவிட்டுப் போகாமல் வைத்திருப்பதுதான் வாரின் வேலை. அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

நல்ல வாராக இருந்தால் போதும்தானே? ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு ஏ.டி.எம். வாசலில் வண்டி நின்றது. துப்பாக்கியை வலது தோளில் மாட்டிக்கொண்டு, வாய் (குண்டு வெளிவரும் குழல் நுனி) மேல் நோக்கி இருக்கும்படி பின் படியில் கால் வைத்து இறங்கினேன். இறங்கிய அதிர்ச்சியில் 'படக்' என்று ஒரு சத்தம். தோளில் பதியும் மரப் பின்கட்டையில் வாரை மாட்டியிருந்த வளையம் ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வார் தோளிலிருந்து வழுக்கியது. கையை நீட்டுவதற்குள் துப்பாக்கி நடைபாதைக் கல்லில் பின்கட்டை மோத விழுந்து, பிடியின் கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டது. இரண்டு குழலிலும் தோட்டா இருந்தது. பத்தடி தள்ளி ஒரு அம்மா கைக்குழந்தையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். வெடிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த ஸ்க்ரூ ஓட்டையை டார்ச் அடித்துப் பார்த்தேன். மரம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. எப்போதோ யாரோ ஓட்டைக்குள் இரண்டு தீக்குச்சியைச் சொருகி, பசை ஊற்றி, அதன் மேல் ஸ்க்ரூவை முறுக்கியிருக்கிறார்கள். வார் புத்தம் புதியது, அதில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அதைத் தாங்கிய ஒன்றரை அங்குல ஸ்க்ரூதான் கைவிட்டது. ஆறு மாதமாக அந்தத் துப்பாக்கியைத் தினமும் துடைத்தவன் நான். அந்த வளையத்தை ஒரு நாள்கூட இழுத்துப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சுத்தியல் (தோட்டா வெடிக்க அடிக்கும் பாகம்) வெளியே தெரியாத டபுள் பேரலைத் திறந்து மூடினாலே உள்ளே சுத்தியல்கள் இழுபட்டு நின்றுவிடும். பெரும்பாலான துப்பாக்கிகளில் மேலே உள்ள சேஃப்டி, விசையை மட்டுமே பூட்டுகிறது. சுத்தியலைப் பிடித்து வைப்பதில்லை, விழும் அதிர்ச்சியில் அது நழுவி அடித்துவிடலாம். அதனால் 'சேஃப்டி போட்டிருக்கிறேன், விழுந்தாலும் ஒன்றும் ஆகாது' என்ற நம்பிக்கை தப்பு. வாரைப் பற்றி நான் இவ்வளவு பேசுவது அதனால்தான்.

ஒரு முனை, இரண்டு முனை, மூன்று முனை என்று மூன்று வகை சொல்கிறார்களே. எது வாங்கலாம்?

இரண்டு முனை. அதாவது முன்னால் ஒரு வளையம், பின்னால் ஒரு வளையம், நடுவில் நீளம் கூட்டிக் குறைக்க ஒரு பக்கிள். அவ்வளவுதான்.

ஒரு முனை வாரில் துப்பாக்கி ஒரே இடத்தில் தொங்கும். கையை விட்டதும் குழல் கீழே சரிந்து முழங்காலிலும் கணுக்காலிலும் இடிக்கும். நடக்க நடக்க வாய் நம் பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். குட்டையான ஆயுதங்களுக்கு வந்த ஏற்பாடு அது. நம் நீளக்குழல் துப்பாக்கிக்கு ஒத்துவராது.

மூன்று முனை வாரில் ஒரு பட்டை துப்பாக்கியின் பக்கவாட்டிலேயே ஓடும். பம்ப் ஆக்‌ஷனில் வெற்றுத் தோட்டா வெளியே வரும் வாயையும், கீழே தோட்டா போடும் இடத்தையும் அது மறைக்கும். எந்தப் பட்டை எங்கே போகிறது என்று இருட்டில் தடவிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். படத்தில் பார்க்க எடுப்பாக இருக்கும். வேலைக்கு ஆகாது.

பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு 303 என்ற பழைய பட்டாளத் துப்பாக்கியின் பருத்தி வார் ஞாபகம் இருக்கும். ஒன்றேகால் அங்குல அகலம், இரண்டு முனையிலும் பித்தளைத் தகடு, வேறு எந்த அலங்காரமும் கிடையாது. இரண்டு உலகப் போரைப் பார்த்த அமைப்பு அது. இன்றும் ஒரு நல்ல இரண்டு முனை வாரில் அதைவிடக் கூடுதலாக வேண்டியது தோளில் கொஞ்சம் அகலம் மட்டும்தான்.

தோலா, நைலானா, காடாத் துணியா?

நம் பக்கத்துக் காற்றை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே நம் பிழைப்பு. பொழுது விடிவதற்குள் கதவுத் தாழ்ப்பாளே பிசுபிசுக்கும். மணலிப் பக்கம் போனால் ஆலைப் புகை, எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் கிளப்பும் புழுதி. சித்திரை, வைகாசியில் சட்டைத் தோளில் உப்புக் கோடு வெள்ளையாகப் படிகிறது அல்லவா, அதே உப்புதான் வாரிலும் ஏறுகிறது.

தோல் வார் அழகானது, தோளில் வழுக்காது. பெரியமேட்டில் நல்ல தோல் கிடைக்கும். எடுப்பதானால் ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டையில் பதனிட்ட, கெட்டியான தோலாகக் கேளுங்கள். சட்டைத் துணிபோல மடங்கும் மெல்லிய தோல் வேண்டாம், அது இழுத்தால் நீண்டுவிடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் தோல் வாருக்குப் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தோல் இரும்பில் ஒட்டிக் கிடந்தால் அந்த இடத்தில் துரு கண்டிப்பாக வரும். தேங்காயெண்ணெயைத் தடவி ஊறவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படிச் செய்தால் தோல் தொளதொளத்து, பக்கிள் துளைகள் நீளவாக்கில் கிழியும். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட விட உங்களுக்கு நேரம் இருந்தால் தோல் வாங்குங்கள்.

நைலான் ஈரத்துக்கு அசராது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. குறை என்னவென்றால் வழவழப்பு. பாலியெஸ்டர் யூனிஃபார்ம் மேல் வழவழப்பான நைலான் நிற்கவே நிற்காது. நிமிடத்துக்கு ஒருமுறை தோளைத் தூக்கி ஏற்றிவிட வேண்டியிருக்கும். விரலால் தேய்த்தால் சொரசொரப்பாகத் தெரியும் கெட்டி நெசவாகப் பார்த்து எடுங்கள்.

பருத்தி நாடா தோளைப் பிடித்து நிற்கும், உறுத்தாது. நனைந்தால் கனக்கும், காய மறுநாள் ஆகும், காயும்போது கொஞ்சம் சுருங்கும். வங்கிக்குள்ளேயே நிற்பவருக்கு இதுவே சுகம்.

பணவண்டி, வெளிவாசல், கிடங்குக் காவல் என்று வெயிலிலும் மழையிலும் நிற்பவருக்கு என் பதில் கெட்டி நெசவு நைலான்தான். தோளில் படும் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் உள்பக்கம் பருத்திப் பட்டை ஒன்றைத் தைத்துக்கொள்ளுங்கள். நான் கடைசி ஆறு வருடம் மாட்டியிருந்தது அப்படிப்பட்ட ஒன்றுதான்.

டிரெய்லரில் கட்டும் லாஷிங் பெல்ட், பழைய கார் சீட் பெல்ட் இதிலெல்லாம் செய்யலாமா?

திருவொற்றியூரிலும் மாதவரத்திலும் சும்மாவே கிடைக்கிறது என்பதால் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டும் அறுந்து போகாது, உண்மைதான். ஆனால் லாஷிங் பெல்ட் விறைப்பு, ஓரம் கத்திபோலக் கழுத்தை அறுக்கும். சீட் பெல்ட் வழுக்குவதற்கென்றே நெய்தது, தோளில் நிற்காது. இரண்டின் அகலமும் ஏறக்குறைய இரண்டு அங்குலம், நம் வளையத்துக்குள் நுழையவும் நுழையாது. வேண்டாம்.

அகலம் எவ்வளவு?

தோளில் 38 முதல் 40 மி.மீ. முனைகளில் வளையத்தின் உள்ளகலம் எவ்வளவோ அவ்வளவு. பெரும்பாலும் 25 மி.மீ. அல்லது 32 மி.மீ. வளையங்கள்தான் வருகின்றன. கடைக்குப் போகும் முன் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். 25 மி.மீ. வளையத்தில் 32 மி.மீ. நாடாவைத் திணித்தால் ஓரம் மடிந்து, அந்த மடிப்பிலேயே நாடா தேயும்.

நீளத்தை எப்படிக் கணக்கிடுவது? கடையில் ஆளுக்கு ஒரு அளவு சொல்கிறார்கள்.

கடையில் சொல்லும் அளவு உங்கள் உடம்புக்குப் பொருந்தாது. உங்கள் உயரம், துப்பாக்கியில் இரண்டு வளையத்துக்கும் இடையே உள்ள தூரம், போட்டிருக்கும் உடுப்பு மூன்றும் சேர்ந்துதான் நீளம். இரண்டு மீட்டர் நாடா வாங்குங்கள். வெட்டாதீர்கள்.

முதலில் துப்பாக்கியைத் திறந்து இரண்டு குழலையும் கண்ணால் பாருங்கள், பிறகு விரல் விட்டும் பாருங்கள். காலி என்று உறுதியான பிறகுதான் மற்றது. நாடாவைத் தற்காலிகமாகக் கோத்துத் தோளில் மாட்டுங்கள். வாய் மேலே இருக்கும்படி தொங்கவிட்டால் பின்கட்டையின் அடி இடுப்பு பெல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். தொடை நடுவில் இடித்தால் நீளம் அதிகம். அக்குளுக்குள் ஏறிக்கொண்டால் குறைவு. அப்படியே நாலு படி ஏறி இறங்குங்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் எல்லா நீளமும் சரியாகத்தான் தோன்றும், படியில்தான் வண்டவாளம் தெரியும். கடைசியாக, தோளிலிருந்து எடுத்து நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். வார் முழங்கையில் மாட்டாமல், சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்காமல் வர வேண்டும். அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டு, அதற்கு மேல் ஒரு சாண் கூட்டி வெட்டுங்கள். மழைக்கோட்டு போடும் நாளில் அந்தச் சாண் தேவைப்படும்.

இரண்டு பேர் மாறி மாறி ஒரே துப்பாக்கியோடு டூட்டி பார்த்தால் பக்கிள் நிற்கும் இடத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் தைத்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் டபுள் பேரலில் வளையமே கிடையாது. துளை போடலாமா?

பழைய டபுள் பேரல்கள் பல அப்படித்தான் வந்தன. பின்கட்டையில் துளை போட்டு ஸ்க்ரூ வளையம் வைப்பது பெரிய வேலை இல்லை, ஆனாலும் அதைச் செய்ய வேண்டியவர் உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக். குழலில் துளை போடவே கூடாது. முன் வளையத்தை இரண்டு குழலும் சேரும் அடிப்பக்கத்தில் பற்றவைப்பார்கள். சூடு கூடினால் இரண்டு குழலையும் ஒட்டி வைத்திருக்கும் பற்றே விட்டுவிடும். கேட் செய்யும் வெல்டிங் பட்டறைக்காரரிடம் இந்த வேலையைக் காட்டவே கூடாது.

துளையும் வேண்டாம், பற்றும் வேண்டாம் என்றால் கண்ணி வைத்த வார் இருக்கிறது. முன்கண்ணி குழலைச் சுற்றி இறுகும், பின்கண்ணி பின்கட்டையின் ஒடுங்கிய கழுத்தைச் சுற்றி இறுகும். கழற்றி மாட்ட ஒரு நிமிடம். இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். முன்கண்ணி வாயை நோக்கி நழுவி வராமல் உள்பக்கம் மெல்லிய தோலோ ரப்பரோ வைத்துத் தைத்திருக்க வேண்டும். பின்கண்ணி விசையைச் சுற்றியுள்ள கூட்டின் பக்கம் சரிந்து வரவே கூடாது. சரிந்தால் அந்த வாரைத் தூர வைத்துவிடுங்கள். ரப்பர் கண்ணியை மாதக்கணக்கில் அப்படியே விடாதீர்கள், அடியில் ஈரம் தங்கிக் குழலில் வளையம் போட்டதுபோலத் துரு பிடிக்கும்.

டபுள் பேரலுக்கு மட்டும் இன்னொரு குறிப்பு. துடைப்பதற்கு முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியாக எடுப்போம். முன் வளையம் குழலில், பின் வளையம் கட்டையில். வாரின் இரண்டு முனையையும் நிரந்தரமாகத் தைத்துவிட்டால் குழலும் கட்டையும் தாயும் பிள்ளையும்போலக் கட்டிக்கொண்டு பிரியாமல் கிடக்கும். ஒரு முனையாவது கையால் கழற்றும்படி இருக்க வேண்டும்.

திறந்து தோட்டா போடும்போது வார் இழுத்துப் பிடிக்காதா?

பிடிக்காது. குழல் கீழே மடியும்போது இரண்டு வளையமும் நெருங்கி வரும், வார் தளரத்தான் செய்யும்.

பம்ப் ஆக்‌ஷனில் முன் முனையை எங்கே மாட்டுவது?

குழலுக்குக் கீழே உள்ள தோட்டாக் குழாயின் நுனி மூடியில். பல துப்பாக்கிகளில் மூடியிலேயே அதற்கு இடம் இருக்கும். முன்னும் பின்னும் நகரும் கைப்பிடியில் எக்காரணம் கொண்டும் கட்டாதீர்கள். தோளில் தொங்கும் எடை கைப்பிடியை இழுக்கும், பூட்டு தளர்ந்திருந்தால் நடக்கும்போதே திறந்துகொள்ளும். வார் ரொம்பத் தளர்வாக இருந்தாலும் கைப்பிடியைப் பின்னுக்கு இழுக்கும்போது விரலுக்கும் கைப்பிடிக்கும் நடுவே நாடா வந்து சிக்கும். டபுள் பேரலுக்கு வைத்த நீளத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக வையுங்கள்.

வெளியே சுத்தியல் தெரியும் பழைய சிங்கிள் பேரல் என்னுடையது. ஏதாவது தனியாகக் கவனிக்கணுமா?

ஆமாம். தளர்ந்த வார் சுத்தியலில் மாட்டி இழுத்துவிடும். தோளிலிருந்து இறக்கும்போதுதான் இது நடக்கும். வாரைச் சுருக்கமாக வைத்து, இறக்கும்போது பெருவிரலைச் சுத்தியலின் மேல் வைத்து மறைத்தபடி இறக்குங்கள். வாரில் தொங்கும் நாடா வால், கூடுதல் கொக்கி எதுவும் இருக்கக் கூடாது.

எந்தக் கொக்கி, எந்த பக்கிள்?

பாரிமுனைப் பக்கம் பைச் சாமான் கடைகளில் விதவிதமாகத் தொங்கும். நாய்ச்சங்கிலிக் கொக்கியைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள், 'டக்' என்று மாட்டலாம் என்று. அதன் நாக்கைப் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள், தானாகத் திறக்கும். வண்டியின் கம்பியில் உரசினாலே போதும். சாவி வளையம், கட்டுக்கம்பி இதெல்லாம்கூடப் பார்த்திருக்கிறேன். கட்டுக்கம்பி போட்ட துப்பாக்கியோடு வந்த ஒரு பையனை அப்படியே திருப்பி அனுப்பினேன்.

துப்பாக்கிக்கென்றே வரும் கழற்றி மாட்டும் ஸ்விவல் (சுழலும் வளையக் கொக்கி) இருக்கிறது. அதில் நாக்கு திறக்காமல் ஒரு திருகோ பூட்டோ காக்கும். அது கிடைத்தால் அதுதான். கிடைக்காவிட்டால் கொக்கியே இல்லாமல், நாடாவை வளையத்தின் வழியே விட்டு மடக்கி மூன்று கம்பி இரும்பு பக்கிளில் இரண்டு முறை கோத்துவிடுங்கள். எவ்வளவு இழுத்தாலும் இறுகத்தான் செய்யும். பையில் வரும் பிளாஸ்டிக் கிளிப் பக்கிள் இரண்டு வெயில் காலத்தில் நொறுங்கும்.

செருப்பு தைப்பவரிடமோ தார்ப்பாய் தைப்பவரிடமோ கொடுத்துத் தைக்கலாமா?

தாராளமாக. லாரித் தார்ப்பாய் தைப்பவர்களிடம் உள்ள கனத்த தையல் மிஷின் இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். பருத்தி நூல் வேண்டாம், வியர்வையில் இற்றுப்போகும். நைலான் நூலில், நீள்சதுரப் பெட்டி போட்டு நடுவே பெருக்கல் குறியாகத் தைக்கச் சொல்லுங்கள். துளை போட வேண்டியிருந்தால் கத்தரியால் குத்த விடாதீர்கள். ஆணியைச் சூடாக்கிக் குத்தினால் நைலான் உருகித் துளையின் ஓரம் தானே கட்டிக்கொள்ளும். வெட்டிய முனையையும் தீக்குச்சியில் காட்டி உருக்கி விடுங்கள்.

ஆனால் கடைக்கு வாரை மட்டும் எடுத்துப் போங்கள். துப்பாக்கி கூடவே கூடாது. வாருக்கு உரிமம் எதுவும் தேவையில்லை, அது வெறும் பட்டை. துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் ஆயுதச் சட்டம் 1959-இன் 5-ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். 'அண்ணே, அப்படியே ஒரு ஸ்க்ரூவும் போட்டுக் குடுங்க' என்று தெருவோரத்தில் நீட்டினால் அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். வளையத்தின் அளவை ஒரு அட்டையில் வரைந்து கொண்டுபோனால் போதும்.

வாரிலேயே தோட்டா சொருகும் பைகள் வருகின்றனவே?

பன்னிரண்டு போர் தோட்டா ஒன்று 40 கிராமுக்கு மேல். பத்து சொருகினால் ஏறக்குறைய அரைக்கிலோ கூடுகிறது, அதுவும் ஊசலாடும் இடத்தில். நடக்க நடக்க ஆடும். திரும்பினால் துப்பாக்கியையும் சேர்த்துத் திருப்பும். மழையில் நனைந்தால் தோட்டாவின் பித்தளை அடி பச்சை பூக்கும். நாள்தோறும் எண்ணிக்கை ஒப்படைக்க வேண்டிய வேலையில் ஒன்று எங்கேயோ விழுந்துவிட்டால் அதற்குப் பதில் சொல்லி மாளாது. தோட்டா இடுப்பில் மூடி வைத்த பையில் இருக்கட்டும்.

வாய் மேலே பார்க்க மாட்டுவதா, கீழே பார்க்கவா?

நடமாட்டம் உள்ள இடத்தில் நிற்கும்போது மேலே. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்தில் வாயைக் கீழே விட்டால் யாராவது ஒரு குழந்தையின் தலை உயரத்தில் அது இருக்கும். மழையில், ஆள் இல்லாத இடத்தில் கீழே, தண்ணீர் குழலுக்குள் இறங்காது. எப்படி மாட்டினாலும் வாரின் மேல் ஒரு கை இருக்க வேண்டும். குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது தோளில் உள்ள துப்பாக்கியின் வாய் முன்னால் நிற்பவரின் முகத்துக்கு நேராகப் போகும். குனியாதீர்கள். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து உட்காருங்கள்.

வாரைக் கழுத்தில் குறுக்காகப் போட்டுக்கொள்ளலாமா? யாரும் பிடுங்க முடியாதே?

பிடுங்க முடியாது. ஆனால் அதே வாரைப் பிடித்து உங்களை இழுக்க முடியும். வாசலில் நிற்கும் காவலருக்குத் தோள்தான் சரி, ஒரு சாய்ப்பில் கழற்றிவிடலாம். இரண்டு கையும் தேவைப்படும் ஏணி, சுவர் ஏற்றம் மாதிரி வேலைக்கு மட்டும் குறுக்காகப் போடுங்கள், முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

வண்டியில் ஏறி இறங்கும்போது?

ஏறும் முன் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடியுங்கள், வாரையும் சேர்த்து ஒரே பிடியாக. பணவண்டியின் கதவுப் பூட்டு, கம்பிவலை, இருக்கையின் நெம்புகோல் எல்லாம் வாரைப் பிடிக்கக் காத்திருக்கும். 2018-இல் வந்த பணப் போக்குவரத்து விதிகள் ஒரு வண்டிக்கு ஆயுதக் காவலர் இருவர் என்கின்றன. இருவரும் ஒரே சின்ன அறையில் ஏறினால் இரண்டு துப்பாக்கி, இரண்டு வார். ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு இறங்க முடியாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் முழுதாக இறங்கி நின்ற பிறகு அடுத்தவர் எழுந்தால் போதும்.

மழையில் நனைந்தால் என்ன செய்யணும்?

டூட்டி முடிந்ததும் வாரைக் கழற்றிக் கொடியில் போடுங்கள். நனைந்த வாரைத் துப்பாக்கியில் சுற்றி உறைக்குள் போட்டுப் பூட்டினால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த வாரத்தில் பலர் கண்டதைத்தான் நீங்களும் காண்பீர்கள்: வார் கிடந்த வழியே குழலில் செம்பட்டைக் கோடு. வளையங்களைத் துடைத்து, இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு வைத்துத் திருப்பி விடுங்கள். மரத்தில் எண்ணெய் படாமல். உப்பு ஏறிய நைலானை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் அலசினால் உப்பு இன்னும்தான் ஏறும்.

தேர்தலுக்குத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது வாரையும் கொடுக்கணுமா?

வங்கிக் காவலுக்கு விலக்குக் கிடைப்பதுண்டு. ஒப்படைக்க வேண்டியிருந்தால் வாரைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் அடைத்த அறையில் கிடக்கும்போது வார் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கழற்றாமல் கொடுத்தால் ரசீதில் 'வாருடன்' என்று எழுதச் சொல்லுங்கள்.

என் மகன் டிராப் (பறக்கும் தட்டைச் சுடும் போட்டி) சுடப் பழகுகிறான். அவன் துப்பாக்கிக்கும் வார் வாங்கட்டுமா?

வேண்டாம். உலகத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதிகளில் ஷாட்கன் போட்டிகளுக்கு வார் மாட்டுவது தடை. பறக்கும் தட்டைத் துரத்திக் குழலைச் சுழற்றும்போது தொங்கும் பட்டை தொந்தரவும்கூட. அவன் துப்பாக்கியைத் திறந்தபடி கையில் எடுத்துப் போகப் பழகட்டும்.

டூட்டி மாறும்போது என்ன பார்க்கணும்?

துப்பாக்கி காலியா என்று பார்த்து வாங்கிய பிறகு, வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து, இடது கையால் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் வாரின் நடுவைப் பிடித்து மூன்று முறை வெடுக்கென்று இழுங்கள். இழுக்கும்போது கண் பின்கட்டை வளையத்தில் இருக்கட்டும். ஸ்க்ரூவின் அடியில் மரத்தூள் தெரிந்தாலோ, வளையம் ஒரு நூல் அளவு எழும்பினாலோ, பதிவேட்டில் எழுதிவிட்டு வாரைக் கழற்றிவிடுங்கள். அன்றைக்குக் கை வலித்தாலும் பரவாயில்லை. அடுத்து நாடா வளையத்தில் மடியும் இடத்தை விரித்துப் பாருங்கள், வெளியே நன்றாக இருக்கும் நாடா அந்த மடிப்புக்குள்தான் முதலில் நைந்து பஞ்சாகும். தையலில் ஒரு கண்ணி விட்டிருந்தாலும் அன்றே பிரித்து மறுபடி தைக்கக் கொடுங்கள். மொத்தம் அரை நிமிடம். முந்தைய ஷிப்ட்காரர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும், அவர் எதிரிலேயே இழுத்துப் பாருங்கள். அவர் தப்பாக நினைக்க மாட்டார். நினைத்தால் என் நடைபாதைக் கல் கதையைச் சொல்லுங்கள்.